மரக்காணம் கடற்கரையும் பனம்பழமும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுவிடும். இக்கரையின் பனைமரங்களுக்கு அது கிழங்கு விளையும் காலம்.

கோடை நுங்கு பெரும்பகுதி நீர்தான். வெட்டிய அன்றே உண்ண வேண்டும். ஆவணியில் உதிரும் பனம்பழமும் சில நாள்களில் கெட்டுவிடும். அதன் மஞ்சள் சதையில் கரோட்டீன் உண்டு, சற்றுக் கசப்பும் உண்டு. சுட்டுத் தின்பதே சுவை. யாழ்ப்பாணத்தார் பழக்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்கினர். நம் பக்கத்தில் கொட்டையைத்தான் சேமிப்பர். மணற்பாத்தியில் கொட்டைகளை அடுக்கி மூடிவைத்தால் பொங்கலுக்குள் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிக்க கிழங்கு கிடைக்கும். அவித்து, நன்கு காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கொட்டையைப் பிளந்தால் கிடைக்கும் வெண்பஞ்சு போன்ற இனிப்புப் பகுதி, எங்கள் காலத்தில் பிள்ளைகளின் பங்கு.

1978இல் பனை மாநில மரமானது. ஆயினும் செங்கல் சூளைகளுக்காக வெட்டப்படுவது நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. அவ்விதைகள் முளைத்துக் காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும்.