இருபது ஆண்டு வெளியே நின்ற பேட்ச்

மலாக்கா பத்து பெரண்டாமில் 1973இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலை இன்று இன்பினியன். தோட்டங்களைவிட்டு வந்த நம் பிள்ளைகள் பலருக்கு அடுத்த பிழைப்பைத் தந்தவை இந்த வட்டாரத்து ஆலைகள். இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்குத் தெரியும், கட்டளை சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் பொருள் பாழ்.

இத்தகைய இயந்திரங்களுக்கும் பயன்படும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு வெகுகாலம் உத்தரவாதம் தரவில்லை. அதன் உட்கருவான கெர்னல் ஒரு வேலையில் பூட்டுப் போட்டுக்கொண்டால் அவசர வேலையும் வெளியே காத்துக் கிடக்கும். 2004இல் இங்கோ மோல்னார் இதை மாற்ற ஒரு பேட்ச், அதாவது திருத்தத் துண்டு, வெளியிட்டார். தாமஸ் கிளெய்க்ஸ்னர், ஸ்டீவன் ரோஸ்டெட் போன்றோர் கைகொடுத்தார்கள். பிரீஎம்ப்ட் ஆர்டி என்று பெயர் நிலைத்தது.

வேதனை அதன் பிறகுதான். பேட்ச் லினக்ஸ் மூலத்தில் சேராமல் வெளியே நின்றது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புது லினக்ஸ் வரும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள். பேட்ச் என்பது மாற்றிய வரிகளும், அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளும்தான். மூலத்தில் அந்த அக்கம்பக்கம் மாறினால் பேட்ச் ஒட்டாது, ரிஜெக்ட் ஆகும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு, சுற்றியிருந்த பூட்டின் பொருள் மட்டும் மாறிப்போயிருப்பதே ஆபத்து. வேலைப்பளு ஏறும் நாளில்தான் இயந்திரம் நிற்கும். கெர்னலின் அடிப்படைப் பூட்டுகளையே தொட்ட பேட்ச் என்பதால் இதற்கு அந்த அச்சம் எல்லா மூலையிலும் இருந்தது.

அவர்கள் அதை ஒரே மூட்டையாகச் சுமக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறு பேட்சுகளாக, ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியம் செய்யும்படி பிரித்து, குவில்ட் என்ற கருவியால் வரிசை கட்டினார்கள். எல்லாருக்கும் பயன்படும் துண்டுகளை மூலத்துக்கே கொடுத்தார்கள். நுண்ணிய டைமர்கள், மியூடெக்ஸ், எப்டிரேஸ், இன்டரப்ட்டைத் தனி இழையாக ஓட்டும் முறை எல்லாம் அப்படிப் போனவை. இன்று கைப்பேசியிலும் சர்வரிலும் அவை ஓடுகின்றன. ஒரு துண்டு ஏற்கப்பட்டால் அடுத்த பதிப்புக்குத் தூக்கிச் செல்ல ஒன்று குறைவு. நான் இவர்களை மதிப்பது இந்தக் கொடுக்கும் புத்திக்காகத்தான்.

இடையில் பணம் வற்றியது. 2014இல் இனி இதை ஓய்வுநேர வேலையாகத்தான் செய்ய முடியும் என்ற நிலை. தொழிற்சாலைகள் பயன்படுத்திக்கொண்டிருந்தன, பராமரிப்புக்குக் கொடுப்பவர் குறைவு. அது அநியாயம். 2015இல் லினக்ஸ் பவுண்டேஷன் பொறுப்பேற்ற பிறகே வேலை மீண்டும் வேகம் பிடித்தது. கடைசி முட்டுக்கட்டை, கெர்னலின் செய்திகளை அச்சிடும் பிரின்ட்கே என்ற சாதாரணப் பகுதி.

2024 செப்டம்பரில் வியன்னாவில் அதை மூலத்தில் சேர்க்கக் கோரும் கடைசி வேண்டுகோளைக் காகிதத்தில் அச்சிட்டு, தங்க நிறத்தில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார்கள். நவம்பர் 17இல் வந்த 6.12 பதிப்பில் அது மூலத்தின் பகுதி.

மலாக்காவின் ஆயர் குரோவிலோ ஜாசினிலோ இருந்து திறந்த மூல நிரலைத் திருத்தி வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, ஏன் திருத்தினீர்கள் என்பதைத் திருத்தத்தோடு எழுதி வையுங்கள். பிறருக்கும் உதவும் துண்டை, நிறுவனம் அனுமதித்தால், இந்த வாரமே மூலத்துக்கு அனுப்புங்கள்.