வீடு: ஊரில் ஒன்று, சென்னையில் ஒன்று

ஈழத்தைப் பற்றி ஏன் படமெடுக்கவில்லை என்ற கேள்வி பாலு மகேந்திராவை 2014இல் அவர் மறையும்வரை தொடர்ந்தது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனேயில் ஒளிப்பதிவு பயின்று, சென்னைவாசியாகவே வாழ்ந்து முடித்தவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'வீடு' (1988) படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

வாடகை வீட்டைக் காலி செய்ய நேரும் சுதா (அர்ச்சனா), தாத்தாவின் மனையில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், லஞ்சம், சிமெண்டில் கைவைக்கும் கான்ட்ராக்டர். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் விழுந்து இறக்கிறார். பின்னர்தான் தெரிகிறது, அது குடிநீர் வாரியம் கையகப்படுத்திய நிலம் என்று. சென்னை நடுத்தர வர்க்கத்தின் கதை என்றே இதை நாம் பேசிவந்தோம். ஆனால் சிறுவயதில், ஊரில் தம் தாய் வீடு கட்டியபோது அவரிடம் கண்ட மாற்றமே படத்தின் வித்து எனப் பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். நிலத்தை விட்டு வந்தவரால்தான் அம்முடிவை அத்தனை நிதானமாக எடுத்திருக்க முடியும் என்பது என் எண்ணம்.

துனீசியாவில் பிறந்து ஆறு வயதில் பிரான்சு சென்ற அப்தெலத்தீஃப் கெஷீஷின் 2007ஆம் ஆண்டுப் படமொன்று இதற்கு நெருங்கிய உறவு. துறைமுகத் தொழிலாளியான முதியவர் ஸ்லிமான், பழைய கப்பலொன்றைக் கூஸ்கூஸ் உணவகமாக்க முயல்கிறார். அங்கும் வங்கி, நகராட்சி, அனுமதி. அப்பாத்திரத்தைத் தம் தந்தைக்காகவே கெஷீஷ் எண்ணியிருந்தார். தந்தை இறந்துவிட, அவருடன் வேலை பார்த்த ஹபீப் பூஃபாரெஸ் நடித்தார். விருந்தினர் பசியோடு காத்திருக்க, திருடுபோன தன் மொபெட்டைத் துரத்தி ஓடி விழுகிறார் ஸ்லிமான்.