மணலுள் மறைந்த மாநகரம்

அரபு நாட்டின் தென்பகுதியிலே ரூப் அல் காலி என்னும் பெருமணற் பாலை பரந்து கிடக்கிறது. அந்த வெறுமையினுள் பொன்னாலும் மணியாலும் இழைத்த மாநகரமொன்று புதைந்துள்ளது என்பது நெடுங்கால நம்பிக்கை. இரம் என்பது நூல்களில் வழங்கும் அதன் பெயர். பாலைவாணர் உபார் என்றும் வபார் என்றும் ஒரு நகரைக் கூறுவர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டோர் பலர்.

‘ஆயிரத்தோர் இரவுகள்’ கூறும் கதை இது. ஆது குலத்து மன்னன் ஷத்தாது சுவர்க்கத்தின் சிறப்பைக் கேள்வியுற்று, அதனை இம்மையிலேயே கட்டிவிட எண்ணினான். நகரம் எழுந்தது. பரிவாரங்களோடு அதனுட் புகப் புறப்பட்டவன், வழியிலேயே வானினின்று எழுந்த பேரொலியால் மாண்டான். பன்னெடுங்காலத்திற்குப் பின், காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிச் சென்ற ஒருவன் ஆளற்ற அந்நகரைக் கண்டு மீண்டானாம்.

திருக்குர்ஆனில் ஆது சமூகமும் தூண்களையுடைய இரமும் சுருக்கமாகக் குறிக்கப்பெறுகின்றன. அக்குறிப்பைச் சுற்றியே பிற்காலத்தார் நகர வருணனைகளை அடுக்கினர். 1377-இல் தம் வரலாற்று முன்னுரையை எழுதிய இப்னு கல்தூன் இவற்றை ஏற்கவில்லை. மக்கள் வாழ்ந்து, வழிப்போக்கர் நடமாடிய நிலத்தில் அப்படியொரு நகரம் இருந்திருந்தால் எவரேனும் கண்டிருக்க வேண்டுமன்றோ என வினவினார். தூண்கள் எனப்பட்டவை கூடாரக் கால்களே என்றார்.

ஆயினும் ஆசை அடங்கவில்லை. 1930-31-இல் இப்பாலையைக் கடந்த பெர்ட்ரம் தாமஸுக்கு, மணலில் பதிந்த பழைய தடங்களைக் காட்டி, ‘உபாருக்குச் செல்லும் பாதை’ என்றனர் வழிகாட்டிகள். 1932-இல் வபாரைத் தேடிச் சென்ற பில்பி கண்டதோ நகரமன்று; விண்கல் வீழ்ந்து குடைந்த பள்ளங்கள்! அங்குச் சிதறிக்கிடந்த கருநிறக் கண்ணாடி மணிகளை, அரண்மனை மகளிரின் கருகிய முத்துக்கள் என்று அவருடன் சென்றோர் பொறுக்கினர்.

1984-இல் விண்ணோடத்திலிருந்து எடுத்த ராடார்ப் படங்களும் பிற படங்களும் பழைய வணிகப் பாதைகளைக் காட்டின. அவற்றின் துணைகொண்டு ஓமான் நாட்டு ஷிஸ்ரில் அகழ்ந்தனர். நீர்நிலை ஒன்றைக் காத்து நின்ற கோட்டை வெளிப்பட்டது. அடியிலிருந்த சுண்ணாம்புக்கற் குகை சரிந்து, கோட்டையின் ஒரு பகுதியை விழுங்கியிருந்தது. உபார் கிடைத்துவிட்டதென 1992-இல் உலகெங்கும் செய்தி பரவிற்று. ஆனால் அகழ்வை நடத்திய ஜூரிஸ் ஸாரின்ஸே, உபார் ஒரு நகரத்தின் பெயரன்று, ஒரு நிலப்பகுதிக்கும் அதன் மக்களுக்கும் வழங்கிய பெயர் என்று பின்னர்க் கருதினார்.

அப்படியானால் எஞ்சியது என்ன? தண்ணீர். தோபார் மலைச்சரிவுகளில் விளையும் குந்துருக்கம் என்னும் நறும்பிசினைச் சுமந்து பாலையைக் கடந்த வணிகர்க்கு ஷிஸ்ரின் நீரே உயிர். பொற்கோபுரம் இன்றியே அவ்விடம் பெருமை பெற்றது. 2000-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

அதே தோபாரின் கடற்கரையில் கோர் ரோரி என்னும் பழந்துறைமுகம் உண்டு. இதுவும் அவ்வரிசையில் இடம்பெற்றது. இத்தாலிய ஆய்வாளர் அங்குத் தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்று பொறித்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினது என ஐராவதம் மகாதேவன் அதனைக் கணித்தார்.

அக்கீரன் யாரெனக் கதை கட்ட நமக்கும் ஆசை எழக்கூடும். இப்னு கல்தூனை நினைத்து அதனை அடக்குவோம். சொந்த ஊரைவிட்டு வேற்றிடங்களில் வாழும் நமக்கு அந்த ஓடு சொல்வதே போதும்: கடல் கடந்த துறையில், தன் மொழியில் தன் பெயரை எழுதிவைத்தான் ஒருவன். ஷத்தாதின் பொன்னகர் கிடைக்கவில்லை. கீரனின் பெயர் கிடைத்துவிட்டது.