வண்டி ஏன் இழுக்கவில்லை?

"வண்டி இழுக்கல" என்று நம் ஊர் டிரைவர்கள் சொல்வதைப் பிரெஞ்சுக்காரரும் அதே வினையால்தான் சொல்கிறார்: "எல் ந தீர் பா". இழுக்கிற குணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "ரெப்ரீஸ்", நாம் வைத்த பெயர் பிக்கப். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்த ஒற்றுமைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்கினால் அங்கே "பத்தீன்", அதாவது சறுக்கி விளையாடுகிறதாம்.

நான் அரசுப் பணியில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் வாகனப் பிரிவின் காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. லாக் புத்தகம், பெட்ரோல் கணக்கு, ரிப்பேர் பில். வண்டியின் நோய் முதலில் தெரிவது லாக் புத்தகத்தில்தான். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த அம்பாசடர் 7க்கு இறங்கினால், டிரைவர் வாய் திறக்கும் முன்பே கணக்கு பேசிவிடும்.

அந்தக் காலத்து அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது சோலெக்ஸ் கார்புரேட்டர். மொரீஸ் குதார், மார்செல் மென்னெஸோன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் கம்பெனி அது. 1946 முதல் மோட்டார் வைத்த வேலோசோலெக்ஸ் சைக்கிளை விற்றவர்களும் அவர்களே. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு எடை. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்து வரும். கனமான பெட்ரோல் ஒரு கணம் பின்தங்கும். அந்தக் கணத்தைச் சரிக்கட்டவே உள்ளே ஒரு சின்னப் பம்ப், மிதித்தவுடன் கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். அதன் டயாபிரம் கிழிந்திருந்தால் வண்டி மிதித்ததும் திணறி, ஒரு மூச்சு வாங்கிப் பிறகுதான் ஓடும். நல்ல மெக்கானிக் என்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, தொண்டைக்குள் எட்டிப் பார்த்தபடி லிவரைத் தள்ளுவார். பெட்ரோல் பீய்ச்சினால் பம்ப் நலம். அரை நிமிஷ வேலை, ஒரு காசு செலவில்லை.

அடுத்து தீப்பொறி. சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி காடிலாக் காருக்கு அமைத்த முறைதான் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுதும் ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் இரண்டு முனைகளை நம் மெக்கானிக்குகள் "பிளாட்டினம்" என்பார்கள். பிரெஞ்சிலும் "வீஸ் பிளாத்தினே". ஆதியில் முனையில் பிளாட்டினம் இருந்தது. பிறகு டங்ஸ்டன் வந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். பீலர் கேஜ் இல்லாதவர்கள் அட்டைத் துண்டைச் செருகி அளந்தார்கள். முனை தேய்ந்தாலும் டைமிங் பின்னால் போனாலும் என்ஜின் சத்தம் போடும், ஆனால் மேட்டில் ஏறாது. கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்த்து மெக்கானிக் சொல்லிவிடுவார்: கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு, காப்பித்தூள் நிறம் என்றால் சரி.

ஆனால் என்ஜின் மீதே எல்லாப் பழியும் போட முடியாது. ஒரு முறை ஒரு வண்டிக்கு என்ஜினைப் பிரித்து முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டறையிலிருந்து மதிப்பீடு வந்தது. ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த டிரைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சார், முதல்ல பின் சக்கரத்தத் தொட்டுப் பாருங்க" என்றார். டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. வண்டி பிரேக் போட்டபடியே ஊர் சுற்றியிருக்கிறது! கேபிள் மாற்றியதோடு கோப்பு முடிந்தது. கிளட்சுக்கு அவர் சொன்ன சோதனை இன்னும் எளிது: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் அணைந்தால் கிளட்ச் நலம். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது.

கலப்பட பெட்ரோலையும் நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே இதைப் பிடிக்கத்தான். பங்கில் வடிதாள் கேட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் கறையில்லாமல் பறந்துவிடும்.

பிறகு எல்லாம் மாறியது. பெட்ரோலைப் பீய்ச்சும் பொறுப்பை மின்னணு ஏற்றது: பாஷ் கம்பெனியின் முறை 1967இல் வோல்க்ஸ்வாகனில் வந்தது, புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் 1976இல் வால்வோவில். ஈயம் பட்டால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுதும் நின்றது. மாருதி 800உம் கார்புரேட்டருக்கு விடை கொடுத்தது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி சாக்கெட். அதில் கருவியைச் செருகினால் கோளாறு எண்ணாக வரும். அந்த முறை இங்கும் வந்து சேர்ந்தது.

இப்போது வண்டி இழுக்கவில்லை என்று போனால் பையன் கருவியைச் செருகி "பி 0171" என்கிறான். பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பொருள். பழைய ஆள் பிளக்கின் வெளுப்பில் கண்டதும் இதே தகவல்தான். காற்று எங்கிருந்து வருகிறது, பெட்ரோல் பம்ப் சோர்ந்ததா, காற்றளவு சென்சாரில் தூசியா என்பதை எண் சொல்லாது. பென்ஷனில் கார் ஓட்டும் நமக்கு வலிப்பது இங்கேதான். "சென்சார் போச்சு" என்ற ஒரு வார்த்தையில் ஆயிரக்கணக்கில் பில் வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியை முந்தும்போது வண்டி திணறினால் என்ன ஆகும் என்ற பயத்தில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம்.

பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எண் என்ன என்று தாளில் எழுதித் தரட்டும். பெட்ரோல் அழுத்தத்தை அளந்தார்களா? என்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, பார்த்தார்களா? குழாயின் விலை சென்சார் விலையில் ஒரு சிறு பங்குதான். போகும்போது பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள்.