ரோடு மேப்பும் ராவுத்தரும்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-ல. அதுக்கு முன்னாடி எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சா பி.யு.சி., அதுக்குக் காலேஜுக்குப் போகணும். எங்க கீழப்பழுவூர் மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு பள்ளிக்கூட பெஞ்சுக்கே வந்தது அப்புறம்தான்.

நான் படிச்சப்ப ஆங்கிலத்துக்கு 200 மார்க், ரெண்டு தாள். (2018-ல ஒண்ணாக்கிட்டாங்க.) முதல் தாளில் ஷேக்ஸ்பியர், வேர்ட்ஸ்வொர்த். ரெண்டாவதுதான் நம்ம தோஸ்த்து: கடிதம், பழமொழி பொருத்துறது, ரோடு மேப். படத்தைப் பார்த்து வழி சொல்லணும். நான் படத்தையே பார்க்காம, மனப்பாடம் பண்ணினதை எழுதிட்டு வந்தவன். பின்னாளில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஆலந்துறையார் கோயிலுக்கு வழி கேட்டார். வாயே வரலை, கூடவே நடந்து போய்க் காட்டிட்டு வந்தேன் :)

துணைப்பாடத்தில் 'ரீஃபிளவரிங்'னு ஒரு கதை. ஜவுளிக்கடையில் மனக்கணக்காவே பில் போடுற, கண் தெரியாத ராவுத்தர். கடைக்குக் கால்குலேட்டர் வந்துடுது. நோட்ஸை உருப்போட்டு எழுதி மார்க்கும் வாங்கியாச்சு.

அது சுந்தர ராமசாமியோட 'விகாசம்'னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. ஒரு தமிழ்க் கதையை இங்கிலீஷ்ல உருப்போட்டிருக்கேன்! தமிழில் படிச்ச ராத்திரிதான், அந்த மிஷின் வந்தப்ப ராவுத்தருக்கு எப்படி இருந்திருக்கும்னு முதல் தடவையா யோசிச்சேன்.