வலையும் விலையும்: தீவகக் கடலில் நிலைத்த தெரிவு யாருடையது?

கடலுணவில் நல்லதைத் தெரிவுசெய்யும் பொறுப்பை நுகர்வோரிடம் ஒப்படைப்பது இன்று உலக வழக்காகிவிட்டது. இன்ன மீனை வாங்கலாம், இன்னதைத் தவிர்க்கலாம் என நிறம் பிரித்துப் பட்டியல்கள் வெளியாகின்றன. அவற்றுட் சில பிடிமுறையையும் கணக்கிற் கொள்கின்றன. எனினும் சந்தையில் வாங்குபவருக்குத் தெரிவது மீனின் பெயர் மட்டுமே. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள சுருவில் முதலான தீவகக் கரைகளுக்கு இந்த அளவுகோல் போதாது. இங்கே ஒரு கடலுணவு நிலைத்ததா என்பதை மூன்று கேள்விகளே தீர்மானிக்கின்றன: எந்த வலையில் பிடிபட்டது, விலையை யார் வைத்தார், கடலின் விதியை யார் வகுத்தார். கரையோரச் சமூகத்தின் கையில் இந்த மூன்றும் இல்லாதவரை நுகர்வோரின் நல்லெண்ணம் கடலை எட்டாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே இறால், இரு கடல்கள்

பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழமே கொண்டது. வெளிச்சம் அடிவரை இறங்குவதால் கடற்புல் செழிக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதில் வளர்கின்றன. தீவகத்தின் களங்கட்டி வலையும் சிறகுவலையும் ஓரிடத்தில் நின்று, வற்றும் நீரோடு வருவதை வாங்கிக்கொள்பவை. இழுவைமடியோ பாரப் பலகைகளால் வாய் விரிந்து, அடித்தளத்தை வாரிக்கொண்டு செல்கிறது. இரண்டிலும் இறால் அகப்படும். சந்தைத் தட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஒன்று கடற்புல்லை விட்டுவைக்கிறது, மற்றது வேரோடு பெயர்க்கிறது.

1974, 1976 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் கடலெல்லையை வகுத்தன. போர்க்காலத் தடைகளால் வடபகுதித் தொழிலாளர் கரையில் முடங்கியபோது தமிழகத்து இழுவைப்படகுகள் எல்லை தாண்டுவது பெருகியது. போர் முடிந்து திரும்பியவர்கள் இரவில் விட்ட வலைகளைக் காலையில் அறுந்த துண்டுகளாகக் கண்டனர். அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகத் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாக, இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் 2017 யூலையில் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குருநகர், வல்வெட்டித்துறை ஆகிய இடங்களின் உள்ளூர் இழுவைப்படகுகளையும் அது கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் இந்தியா 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. சட்டமும் திட்டமும் வந்தபின்னரும் அத்துமீறல் ஓயவில்லை. கரையில் கண்காணிப்பும் மாற்றுத் தொழிலுக்கு உதவியும் இன்றிச் சட்டம் மட்டும் வலையை மாற்றாது.

சினை நண்டின் கணக்கு

நீலக்கால் நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை செல்கிறது. அதன் வளத்தைக் காக்க இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம், அமெரிக்க இறக்குமதியாளரோடு இணைந்து மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை முன்னெடுத்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் சோதனை கரையில்தான் நிகழ்கிறது. விடியலில் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது பெண் நண்டின் வயிற்றடியில் செம்மஞ்சள் சினைத்திரள் தெரிகிறது. பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அது சாம்பல் நிறமாகக் கறுக்கும். ஒரு நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது.

அதைக் கடலில் விடுவதா, நிறுவைக்கு வைப்பதா? வலைக்கும் எண்ணெய்க்கும் வியாபாரியிடம் முற்பணம் பெற்றவருக்கு இது கடனைக் கழிக்கும் கணக்கு. அவர் விட்ட நண்டு பக்கத்து வலையில் விழுமென்றால் நட்டம் அவருக்கு மட்டுமே. தனிமனிதருக்குத் தியாகமாக முடியும் இந்தத் தெரிவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் முடிவெடுத்து எல்லோரும் ஒருசேர விடும்போது பொதுவிதியாகிறது. சங்கமே கடன் கொடுத்துச் சங்கமே நிறுத்து விற்றால்தான் அவ்விதி நிலைக்கும்.

அட்டையும் பொதுக்கடலும்

ஏற்றுமதி அந்நியச் செலாவணி தருகிறதே, பண்ணை வளர்ப்பு இயற்கை வளத்தின் சுமையைக் குறைக்கிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். வெள்ளைக் கடலட்டை வளர்ப்பால் சில குடும்பங்கள் பயனடைவது உண்மை. 2022 யூனில் அமைச்சரவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பெருமளவு அட்டைப் பண்ணைகளுக்கு இசைவளித்தது. அதே ஆண்டில் கிளிநொச்சிக் கிராஞ்சியில் சிறுதொழிலாளர் தொடர்போராட்டத்தில் இறங்கினர். கரையோர ஆழமற்ற நீரில் வேலி எழும்போது அங்கே சிறகுவலை நாட்டுபவரும் நடந்து இறால் பொறுக்கும் பெண்களும் வெளியேற்றப்படுகின்றனர். வளர்ப்பு முறை தூய்மையானதாக இருக்கலாம். பொதுக்கடல் தனிவேலிக்குள் சென்றால் அதை நிலைத்த தொழில் என ஏற்க முடியாது.

ஆதரவின் வடிவம்

உதவி எதைப் பலப்படுத்துகிறது என்பதற்கு நோர்வேயின் இரு அனுபவங்கள் சான்று. 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நோர்வே திட்டம் இயந்திரப் படகுகளுக்கும் பின்னர் இழுவைமடிக்கும் வழிதிறந்தது. இறால் ஏற்றுமதி வளர்ந்தது, கட்டுமரக்காரர் பின்தங்கினர். நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியில் 1967இல் உருவான சீநோர் நிறுவனம், காரைநகரில் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைத்தது. தொழிலுக்கு வேண்டிய கருவியை ஊரிலேயே ஆக்கியதே அதன் பெறுமதி. கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுக்கும் புலம்பெயர் தீவகத்தார், சங்கங்களின் சுழற்சிக் கடனுக்கும் ஐஸ் களஞ்சியத்துக்கும் கொடுத்தால் முற்பணப் பிடி தளரும்.

உண்பவர் பங்கும் உண்டு. ஒடியற்கூழுக்கு ஒரே பெருமீன் வேண்டியதில்லை. நண்டு, இறால், திருக்கை, சிறுமீன் எனக் கரைக்கு வந்தது எல்லாம் அதில் சேரும். பருவம் தந்ததை உண்ணும் இவ்வழக்கம் அறக்குளாவுக்கும் பெரிய இறாலுக்கும் மட்டும் குவியும் கேள்வியைப் பரப்பிவிடுகிறது.

எனவே நிலைத்த கடலுணவுக்கான முதல் நடவடிக்கை கடையில் தொடங்குவதன்று. இழுவைமடித் தடையை இரு கரைகளிலும் நிறைவேற்றுவதும், பண்ணை அனுமதிக்குச் சங்கங்களின் இசைவைக் கட்டாயமாக்குவதும், நிறுவையையும் விலையையும் சங்கத்திடம் ஒப்படைப்பதும் முதலில் வேண்டும். இவை நடந்தால் சந்தையில் வாங்குபவர் காட்டும் அக்கறை, சினை நண்டைக் கடலில் விடுபவருக்கு நட்டமின்றிச் சென்றுசேரும்.