பச்சைத் தேயிலையும் அதன் கசப்பும்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் காப்பிக்கு உள்ள மதிப்பு, ஊரில் உள்ளதைவிட ஒரு படி கூடுதல் என்றே சொல்லலாம். அத்தகைய இல்லங்களிலும் இக்காலத்தில் பச்சைத் தேயிலை நுழைந்துவிட்டது. பெரும்பாலும் அது வருவது மருந்தாகத்தான். உடம்பு பருத்துவிட்டது, ரத்தத்தில் கொழுப்பு மிகுந்துவிட்டது என்று யாரேனும் சொன்ன மறுநாள் ஒரு பொட்டலம் வாங்கப்படுகிறது. இலையின்மேல் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி, பத்து நிமிஷம் மறந்திருந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறோம். மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பத்து நாள் கழித்துப் பொட்டலம் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

இந்தச் சமாதானம் நாம் கண்டுபிடித்ததன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பான் நாட்டில் ஒரு துறவி இதனை நூலாகவே எழுதி வைத்தார். எய்ஸாய் என்பது அவர் பெயர். சீன தேசம் சென்று ஸென் பௌத்தம் பயின்று, 1191ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது தேயிலை விதைகளையும் உடன் கொண்டுவந்தார். அவர் 1211இல் எழுதிய நூலின் கருத்து விசித்திரமானது. உடலின் ஐந்து உறுப்புகள் ஐந்து சுவைகளை விரும்புகின்றன. அவற்றுள் இதயம் விரும்புவது கசப்பு. நம் நாட்டார் புளிப்பும் இனிப்பும் உப்பும் காரமும் உண்கின்றனரேயன்றிக் கசப்பை உண்பதில்லை. ஆதலின் இதயம் நலிகிறது. தேநீர் பருகுக என்பது அவர் வாதம். அறுசுவை பேசும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சித்திரை முதல் நாள் பச்சடியில் வேப்பம்பூ சேர்க்கும் வழக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1214இல் காமகுராவில் ஆட்சி புரிந்த இளம் ஷோகன் ஸனெதொமொ, முதல்நாள் அருந்திய மதுவின் மயக்கம் தெளியாமல் அவதியுற்றபோது, எய்ஸாய் ஒரு கிண்ணம் தேநீரையும் கூடவே தம் நூலையும் அனுப்பினாராம். அந்நாளைய அரசாங்க வரலாற்றேடு இதனைக் குறித்திருக்கிறது. ஜப்பானில் தேநீரின் புகழ் தொடங்கியது, ஆக, ஒரு தலைவலியில்தான்.

பச்சைத் தேயிலைக்கென்று தனிச் செடி கிடையாது. கறுப்புத் தேயிலையும் அதுவும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலையை வாட்டி உருட்டி வைத்தால், அதில் இயல்பாக உள்ள நொதிப்பொருள் காற்றுடன் சேர்ந்து இலையைக் கறுக்கச் செய்யும். பறித்தவுடன் சூடு காட்டிவிட்டால் அந்த வேலை நின்று பச்சை நிறம் நிலைக்கும். சீனர் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுப்பர். ஜப்பானியர் ஆவியில் அவிப்பர். இவ்வளவே வேறுபாடு.

ஆயினும் நெடுங்காலம் நல்ல பச்சைத் தேநீர் மடத்துக்கும் மாளிகைக்குமே உரியதாயிருந்தது. உஜி என்ற ஊரில் தேயிலைத் தோட்டங்களின்மேல் நாணலும் வைக்கோலும் பரப்பி நிழல் செய்து, அவ்விலையை மாவாக அரைத்துக் கலக்கிக் குடித்தனர். குடியானவனுக்குக் கிடைத்ததோ முற்றிய இலையைக் காய்ச்சிய பழுப்புநிறக் கஷாயம். இந்த நிலையை மாற்றியவர் உஜிக்கு அருகில் மலைச்சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த நாகதானி ஸோயென் என்ற விவசாயி. அவர் பதினைந்து ஆண்டு முயன்று, 1738இல் ஒரு முறையைக் கண்டார். இளந்தளிர்களை மட்டும் பறித்து, ஆவியில் அவித்து, சூடேற்றிய மேடையின்மேல் கையால் உருட்டி உருட்டியே உலர்த்துவது அம்முறை. அந்த இலையில் வெந்நீர் ஊற்றினால் பசுமையான நிறமும், மணமும், கசப்போடு கூடிய ஓர் இனிமையும் வந்தன. ஸோயென் அதைச் சுமந்துகொண்டு எடோ நகரம் சென்றார். அதுவே இன்றைய டோக்கியோ. அங்கே யாமமோதோ காஹெய் என்ற வணிகர் சுவைத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். எய்ஸாயின் நூலினும் இவ்விவசாயியின் கைகளுக்கே ஜப்பானியர் அதிகம் கடன்பட்டவர் என்பது என் எண்ணம். உடம்புக்கு நல்லது என்பதற்காக ஒரு மனிதன் ஒரு மாதம் குடிப்பான்; நாவுக்கு நல்லதாயிருந்தால் வாழ்நாள் முழுதும் குடிப்பான்.

இனி, நன்மை என்று சொல்கிறோமே, அது எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. 1888இல் பிறந்த ட்ஸுஜிமுரா மிசியோ, பெண்களை மாணவராகச் சேர்க்காத ஹொக்கைடோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில், 1920இல் சம்பளமில்லா உதவியாளராக ஆராய்ச்சி தொடங்கினார். பின்பு டோக்கியோ சென்றார். அங்கே 1923இன் பெரும் பூகம்பத்தில் ஆராய்ச்சிசாலை அழிந்தது. அவர் வேறோர் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறி வேலையைத் தொடர்ந்தார். 1924இல், உடன் உழைத்த மியூராவுடன் சேர்ந்து, பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி மிகுந்திருப்பதைக் காட்டினார். 1929இல் அதனின்று கேட்டகின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1932இல் டாக்டர் பட்டம் பெற்று, ஜப்பானில் வேளாண்மைத் துறையில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் ஆனார்.

கேட்டகின் என்பது எது? தேநீரைக் கசக்கவும் துவர்க்கவும் செய்யும் பொருளே அது. இன்று விஞ்ஞானிகள் பச்சைத் தேயிலையின் நலமென்று ஆராய்வதில் பெரும்பங்கு இதனைப் பற்றியதே. எய்ஸாய் கூறிய காரணம் பிழை. ஆனால் அவர் சுட்டிய சுவை பிழையன்று.

பலன் எவ்வளவு என்பதில் நிதானம் வேண்டும். ஜப்பானின் ஓஸாகி வட்டாரத்தில் 40 முதல் 79 வயது வரையுள்ள 40,530 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவு வெளியிட்டனர். நாள்தோறும் ஐந்து கிண்ணமோ அதற்கு மேலோ பருகியவர்களிடையே இதய, ரத்தநாள நோய்களால் நேர்ந்த மரணம் குறைவாயிருந்தது. புற்றுநோய் மரணத்தில் அவ்வாறு வேறுபாடு காணவில்லை. இதுவும் கவனித்தறிந்ததேயன்றி, தேநீரே காரணம் என்று நிறுவியதன்று. இதயம் என்று எய்ஸாய் சொன்னதும் இந்த முடிவும் ஒத்துப்போவது ஒரு வேடிக்கைதான். சாரத்தை மாத்திரையாக்கி விழுங்குவோர் அறியவேண்டியது வேறு: நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் முக்கியக் கேட்டகினைச் சாரமாக உட்கொண்டால் ஈரலுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. மேலும், உணவோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ளவர் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஸஹாரன்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவர் டாக்டர் ஜேம்ஸன், 1849இல் சீனச் செடிகளைக் காங்க்ரா பள்ளத்தாக்கில் நட்டார். 1905 ஏப்ரல் 4ஆம் நாள் பூகம்பம் அப்பள்ளத்தாக்கைச் சிதைத்தபின் வெள்ளைக்காரத் தோட்டக்காரர் பலர் விற்றுவிட்டு அகன்றனர். காங்க்ராவின் பச்சைத் தேயிலை அமிர்தசரஸ் வணிகர் வழியே காஷ்மீரத்துக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் சென்றது. காஷ்மீரத்தார் அதனோடு ஏலமும் லவங்கப்பட்டையும் குங்குமப்பூவும் சேர்த்துக் கஹ்வா ஆக்கினர். வாதுமையைச் சீவி மேலே தூவினர். கசப்பை அடக்க அது வேறொரு வழி. டெல்லியிலோ சண்டீகரிலோ வாழும் நம்மவர்க்கு இவ்விரண்டும் எட்டாதவையல்ல. நீலகிரியிலும் இன்று பச்சைத் தேயிலை செய்கிறார்கள்.

வீட்டில் செய்யும்போது கவனிக்க வேண்டியது நீரின் சூடு. நீர் எவ்வளவு சூடோ அவ்வளவுக்குக் கேட்டகின் மிகுதியாக இறங்கும். இனிமையும் ஒருவகைச் சாரமும் தரும் தியானின் என்ற பொருளோ சூடு தணிந்த நீரிலும் இறங்கிவிடும். உஜியின் நிழற்பந்தலும் இலையில் தியானினைக் காத்துக் கசப்பைக் குறைக்கும் உபாயமே. ஆதலின் கொதித்த நீரை அப்படியே ஊற்றாமல் 70 அல்லது 80 டிகிரி சென்டிகிரேடுக்கு ஆற்றவேண்டும். இதற்கென ஜப்பானியர் தனிப் பாத்திரம் வைத்திருக்கின்றனர். நமக்கு அது வேண்டாம். டபராவும் டம்ளரும் உண்டு. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பத்து டிகிரி குறையும். இரண்டு மூன்று தடவை ஆற்றி, ஒரு சிறு கரண்டி இலையின்மேல் ஊற்றி, ஒன்றரை நிமிஷத்தில் வடித்துவிடுக. இலையை எறிய வேண்டாம். இன்னும் சற்றுச் சூடான நீரில் இரண்டாம் முறையும் இறங்கும். டப்பாவை நன்றாக மூடி, பெருங்காயத்துக்கும் மல்லிப்பொடிக்கும் தூரமாக வைக்கவேண்டும். இந்த இலைக்கு அயல்வாசனையை வாங்கிக்கொள்ளும் குணம் அதிகம்.